எண்ணெய்த் தொட்டியில் இடம் விட வேண்டும்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் கிராணித் தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிக் கேட்க வந்த இடத்தில் எண்ணெய்த் தொட்டியைப் பற்றிப் பேசுகிறார்களே என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால், அந்தத் தொட்டியால்தான் நம் தாய்மார் ஒருவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. நம் தோழர் ஒருவரின் சம்பளத்தில் கைவைக்க நிர்வாகம் துணிந்ததும் அதனால்தான்.

ரப்பர்த் துகளை 33⅓ கிலோ கட்டியாக அழுத்தும் பிரஸ் மெஷினை நீங்கள் அறிவீர்கள். 1965இல் எஸ்.எம்.ஆர். முறை வந்த பிறகு ஆலைகளில் பெருகிய மெஷின் அது. பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது. எண்ணெய் இரும்புத் தண்டைத் தள்ளுகிறது. அந்தத் தண்டுக்கு 'ராம்' என்று பெயர். சாமி பெயர் அல்ல, பயப்பட வேண்டாம்!

வேலை முடிந்ததும் பத்திரத்துக்காக ராமைக் கீழே இறக்கி விட்டுப் போவது நம் ஆலை வழக்கம். தண்டு வெளியே நீண்டு நிற்கும்போது, தொட்டியிலிருந்து அந்தத் தண்டின் பருமன் அளவுக்கு எண்ணெய் சிலிண்டருக்குள் போய்விடுகிறது. 15 சென்டிமீட்டர் தடிப்பும் 80 சென்டிமீட்டர் ஓட்டமும் உள்ள தண்டுக்கு இது 14 லிட்டர். தண்டு மேலே ஏறினால் அந்த 14 லிட்டரும் தொட்டிக்குத் திரும்பிவிடும்.

அன்று காலை கண்ணாடியில் மட்டம் குறைவாகத் தெரிந்தது. "ஊற்று" என்றார் மண்டோர். ஒரு டின் எண்ணெய், அதாவது 18 லிட்டர், தொட்டிக்குள் போயிற்று. மீதி இருந்த இடம் ஏறத்தாழ 15 லிட்டர். ராம் ஏறியது, 14 லிட்டர் திரும்பி வந்தது, வழியவில்லை. எல்லாம் சரி என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

தோழர்களே, எண்ணெய் சூடேறினால் பெருகும். ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. அற்பம்தான். ஆனால் 200 லிட்டர் எண்ணெய் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏறினால் 5 லிட்டர் கூடிவிடுகிறது. இடமோ ஒரு லிட்டர்தான்! மீதி மூச்சுக்குழாய் வழியாகச் சிமெண்டுத் தரையில் வழிந்தது. அதில்தான் அந்தத் தாய் கால் வைத்தார். பால் வாளியை விளிம்பு மட்டும் நிறைத்துக்கொண்டு மேட்டில் ஏறும் பால்வெட்டுக்காரர் நம்மில் ஒருவர் உண்டா?

மறுநாள் நடந்தது இன்னும் வேடிக்கை. எண்ணெய் வழியக் கூடாதென்று யாரோ மூச்சுக்குழாயில் சாக்குத் துணியை அடைத்துவிட்டார்கள். ராம் இறங்கும்போது தொட்டி காற்றை இழுக்க வேண்டும், இழுக்க வழியில்லை. பம்பு ஊளையிட்டது. நல்லவேளை, பிரஸ் ஓட்டும் தோழர் அந்த ஓசையைக் கேட்டு நிறுத்தினார். இதைவிடக் கொடியது, இரு முனையிலும் வால்வு மூடிய இரும்புக் குழாயில் எண்ணெய் சிக்கிக்கொள்வது. வெயிலில் ஒரு டிகிரி ஏறினாலே சதுர அங்குலத்துக்கு நூறு பவுண்டுக்கு மேல் அழுத்தம் கூடும். அதற்கென்று அழுத்தம் விடும் வால்வு இருக்க வேண்டும். கசிவு இருக்கிறதா என்று வெறுங்கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசித் துளை எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்புறம் கையை வெட்ட வேண்டிவரலாம்.

"எண்ணெய் ஊற்றியவன் கவனக்குறைவு, பிடித்தம் செய்" என்று உத்தரவாயிற்று. நாம் ஸ்டோர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனோம். எந்த நிலையில் மட்டம் பார்ப்பது என்று மெஷினில் கோடு இல்லை, பலகை இல்லை. மூன்று மாதத்தில் நான்கு முறை இதேபோல் டின் கொடுத்த கணக்கு மட்டும் இருக்கிறது. அப்போதெல்லாம் வழிந்ததைக் கழுவிவிட்டவர் யார்? இதைக் கேட்டதும் பிடித்தம் கைவிடப்பட்டது.

இப்போது ராம் மேலே ஏறி நிற்கும்போதுதான் மட்டம் பார்க்கிறோம். தொட்டியில் பத்தில் ஒரு பங்கு காலியாக இருக்கும்படி சிவப்புக் கோடு போட்டாயிற்று. நிமிடத்துக்குப் பம்பு தள்ளும் எண்ணெயைப்போல் மூன்று பங்காவது தொட்டி கொள்ள வேண்டும் என்பது பொறியாளர் வழக்கு. நம் தொட்டி அதற்குச் சிறியது. அதனால்தான் சூடும் அதிகம். பெரிய தொட்டி கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை.

1994ஆம் ஆண்டுச் சட்டப்படி நாற்பது பேர் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். உடனடி ஆபத்து என்றால் விலகி நிற்கும் உரிமை 2024 ஜூன் முதல் சட்டத்திலேயே இருக்கிறது. குழுவுக்கு ஆலைப் பக்கத்திலிருந்து இரண்டு பெயர் தேவை. பம்பு ஓசையைக் கேட்டு நிறுத்திய தோழர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்; அவர் பெயரை முதலில் எழுதிக்கொள்கிறோம்.