வேலூருக்குப் போகுமுன்

1823-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு ஆட்சியினர் மருத்துவப் பள்ளி நிறுவிய புதுவை நகருக்கு வைத்தியக் கல்வி புதியதன்று. அப்பள்ளியின் வழித்தோன்றலான ஜிப்மர் இன்று கோரிமேட்டில் கம்பீரமாக நிற்கிறது. அப்படியிருந்தும், நம் முதலியார்பேட்டை வீதிகளில் பன்னிரண்டாம் வகுப்பு பயிலும் பிள்ளைகள் சிலர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின்மீதே மனத்தைச் செலுத்தியிருக்கிறார்கள். அவர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

நீட் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 180 வினாக்கள், 720 மதிப்பெண்கள், அவற்றில் சரிபாதி உயிரியல்: இவையெல்லாம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். முற்காலத்தில் வேலூர்க் கல்லூரி தானே நுழைவுத் தேர்வு நடத்தி, தேறியவர்களை வரவழைத்து, அவர்களுடைய சுபாவத்தையும் சேவை மனப்பான்மையையும் நேரில் பரிசீலித்த பிறகே சேர்த்துக்கொண்டது. அந்த உரிமைக்காக வாதாடிய கல்லூரி, 2017-இல் எம்.பி.பி.எஸ். வகுப்பில் ஒரேயொரு மாணவரை மட்டும் சேர்த்துக்கொண்டு நின்றது; 2020-இல் உச்ச நீதிமன்றம் நீட் தேர்வே எல்லோருக்கும் பொது என்று தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே, அந்நாளில் தேர்வாளர்கள் செய்த பரிசீலனையைப் பிள்ளைகள் தமக்குத் தாமே செய்துகொள்ள வேண்டிய காலம் இது என்று கருதுகிறேன்.

அந்தப் பரிசீலனையின் ஸ்வரூபத்தை அறிய நெடுந்தூரம் போக வேண்டாம். பக்கத்துத் திண்டிவனமே போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அங்கே பாதிரி மருத்துவராயிருந்த ஜான் ஸ்கட்டரின் மகள் ஐடா, நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ள அமெரிக்காவிலிருந்து வந்திருந்தபோது, ஓர் இரவில் மூன்று கணவன்மார் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் தவிக்கும் தம் மனைவியருக்கு உதவும்படி மன்றாடினர். ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. தந்தையை அனுப்பலாமென்றாலோ, அந்நிய ஆடவர் பிரசவம் பார்ப்பதற்கு அவர்கள் இசையவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். மருத்துவமே வேண்டாமென்றிருந்த அந்த இளம்பெண், 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, மறு ஆண்டே தாயகம்போல் இந்நாட்டுக்குத் திரும்பி, வேலூரில் ஒரே படுக்கையுடன் சிகிச்சையைத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்காக அவர் ஆரம்பித்த மருத்துவப் பள்ளியே இன்றைய கல்லூரி. ஆண்களுக்கு அதன் கதவு 1947-இல்தான் திறந்தது.

ஐடாவின் ஆயத்தம் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதே இச்சரித்திரத்தில் என்னை மிகவும் ஆட்கொள்ளும் அம்சம். இன்றும் திருச்சபைகளின் பரிந்துரையில் சேரும் மாணவர்கள், படிப்பு முடிந்ததும் குறித்த காலம் மிஷன் ஆஸ்பத்திரியில் பணிசெய்ய உடன்படிக்கை எழுதிக்கொடுக்கிறார்கள். ஒடிசாவின் பிசம்கட்டாக், அஸ்ஸாமின் மகுந்தா போன்ற, பெருநகர வசதிகள் எட்டாத ஊர்களில் இத்தகைய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. எனவே பெற்றோரே, விண்ணப்பம் நிரப்புவதற்கு முன் ஒரு மாலைப்பொழுது பிள்ளையோடு உட்கார்ந்து, அத்தகைய ஊருக்கு மகளையோ மகனையோ மனமுவந்து அனுப்பச் சம்மதமா என்று வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். தயக்கமிருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.