பெயர் வெட்டும் தொழில்: பொருட்காட்சிகளில் நாங்கள் கற்றது

(அறக்கட்டளையின் மகளிர் சுயதொழில் பயிற்சி நிறைவு நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மூன்று வருடத்துக்கு முன் நாங்கள் நால்வரும் இதே கூடத்தில், இதே பாயில் உங்களைப் போல உட்கார்ந்திருந்தோம். அறக்கட்டளை கொடுத்த வட்டியில்லாக் கடன் 45,000 ரூபாயில் ஒரு சின்ன லேசர் மிஷினும், பாத்திரத்தில் பெயர் வெட்டும் கை மிஷின் இரண்டும் வாங்கினோம். மாதம் 2,500 ரூபாய் தவணை. “எப்படி நடத்துகிறீர்கள், மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்” என்று நிர்வாகிகள் கேட்டதால் வந்திருக்கிறோம். லாபக் கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போக எங்களுக்கு மனமில்லை.

பெயர் போட்ட பொருள் நம் மக்களுக்குப் புதிதல்ல. சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டாத வீடு உண்டா? பத்தமடையில் நம் குடும்பங்கள் தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்யும் பட்டுப்பாயில் மணமகன், மணமகள் பெயரைச் சேர்த்தே நெய்து கொடுக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் கடிதங்களுக்கு முத்திரையிட வைத்திருந்த வெள்ளி மோதிரத்தில் பெயர் பொறிக்கப்பட்டிருந்ததை நாம் மதரஸாவிலேயே படித்திருக்கிறோம். ஆகவே தொழில் பழையது, மிஷின்தான் புதிது.

முதல் பொருட்காட்சியில் நாங்கள் செய்த தவறைச் சொல்கிறோம். மூன்று நாள் கண்காட்சி. வீட்டிலேயே 200 மரச் சாவிக்கொத்துகளில் 200 பெயர்களை வெட்டி எடுத்துப் போனோம். ஆயிஷா, கார்த்திக், ஜெனிஃபர், முத்து என்று எல்லாச் சமூகத்துப் பெயரும் இருந்தன. வருகிறவர்கள் அத்தனையையும் புரட்டிப் பார்ப்பார்கள், “எங்க புள்ளை பேரு இல்லையே” என்று வைத்துவிட்டுப் போவார்கள். விற்றது 71. ஒன்றுக்கு 15 ரூபாய் அடக்கம், விற்ற விலை 60. ஸ்டால் வாடகை, வண்டி, சாப்பாடு எல்லாம் சேர்ந்து 6,900 ரூபாய். ஒன்றில் நிற்பது 45 என்றால் அந்தச் செலவை எடுக்கவே 154 விற்க வேண்டும் என்ற கணக்கை நாங்கள் போகும்முன் போடவில்லை, வந்தபின் போட்டோம். மொத்தத்தில் 5,640 ரூபாய் கையைவிட்டுப் போனது. போதாததற்கு எங்களுக்குக் கிடைத்த இடம் ஜெனரேட்டர் பக்கத்தில், கடைசி வரிசை. வாடகை கட்டும்முன் இடத்தைப் போய்ப் பாருங்கள். பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது, வாசலிலிருந்து எத்தனையாவது கடை என்று கேளுங்கள். கரண்ட் நடுவில் போனால் பாதி வெட்டிய பொருள் பாழ்தான்.

இப்போது வெறும் கட்டைகளைத்தான் கொண்டு போகிறோம். மாதிரிக்கு இருபது வைத்திருப்போம். கண்ணெதிரே வெட்டுவதைப் பார்க்கத்தான் கூட்டம் சேருகிறது. ஒருவர் நின்றால் பின்னால் நாலு பேர் நிற்பார்கள். ஆனால் லேசரை மூடியில்லாமல் ஓட்டாதீர்கள். பிள்ளைகள் குனிந்து பார்க்கும், அந்த ஒளி கண்ணைக் கெடுத்துவிடும். மிஷினோடு வரும் கண்ணாடி நமக்கு மட்டும்தானே, எதிரே நிற்கிற குழந்தைக்கு இல்லையே. இன்னொன்று: சிலர் ரெக்சின் பர்ஸைக் கொடுத்து பெயர் போடச் சொல்வார்கள். ரெக்சினில் பெரும்பாலும் பி.வி.சி. இருக்கும். அதில் லேசர் பட்டால் கிளம்புகிற அமிலப் புகை நுரையீரலுக்கும் கேடு, மிஷினையும் அரிக்கும். எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நல்ல தோல் என்றால் வெட்டலாம்.

சரி, எது விற்கிறது? அழகான மரப் பலகை, புகைப்படம் பதித்த சதுரம் எல்லாம் கூட்டத்தை நிறுத்தும், ஆனால் வாங்குவது சிலர்தான். சோறு போடுவது தண்ணீர் பாட்டிலும் டிபன் பாக்ஸும். பாத்திரக் கடையில் புதிதாக வாங்கினால் இலவசமாகப் பெயர் வெட்டித் தருவார்கள். வீட்டில் ஏற்கெனவே இருப்பதற்கு யார் வெட்டித் தருவார்? கண்காட்சிக்கு வரும் பிள்ளைகளின் கழுத்தில் பாட்டில் தொங்குகிறது. “அதைக் கொடும்மா, அஞ்சு நிமிஷம்” என்று கேட்டு வாங்கி வெட்டினோம். ஒரு பெயருக்கு 30 ரூபாய், பொருள் செலவே கிடையாது. பெயின்ட் பூசிய பாட்டில் என்றால் லேசர் பெயின்ட்டை எடுத்து உள்ளே இருக்கும் எவர்சில்வரைக் காட்டும். பெயின்ட் இல்லாத எவர்சில்வரில் எங்கள் சின்ன லேசர் சரியாகப் பதியாது, கை மிஷின்தான் அதற்கு. முதல் நாள் வருகிறவர்களிடம் ஒரு துண்டுச் சீட்டு கொடுப்போம், “நாளை உங்கள் வீட்டுப் பாத்திரத்தைக் கொண்டு வாருங்கள்” என்று. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பெயர் வெட்டிய டிபன் பாக்ஸ் படம் ஒன்றைப் போட்டால் போதும், தெருவில் பாதி வீடு வரும். சீருடை போல டிபன் பாக்ஸும் எல்லாம் ஒன்று போலத்தானே இருக்கிறது!

இனி எங்களுக்குத் தூக்கம் போன விஷயத்துக்கு வருகிறோம். ஒரு நிக்காஹ் வீட்டில் விருந்தினருக்குக் கொடுக்க 120 மரச் சதுரங்கள் கேட்டார்கள். முன்பக்கம் மணமக்கள் பெயர், பின்பக்கம் காந்தம் ஒட்ட வேண்டும். ஒன்று 90 ரூபாய், முன்பணம் 5,000. பெயரைத் தமிழிலும் அரபியிலும் போடச் சொன்னார்கள். நிக்காஹுக்கு முதல் நாள் அஸருக்குப் பிறகு, காந்தம் ஒட்டி முடித்த பத்தை மாதிரிக்குக் கொண்டு போய்க் காட்டினோம். மணமகளின் பாட்டனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். “என்னம்மா, எழுத்தெல்லாம் தனித்தனியா நிக்குது? இடமிருந்து வலமா வேற ஓடுது?” என்றார்.

நாங்கள் பயன்படுத்திய சாஃப்ட்வேருக்கு அரபி எழுத்தைச் சேர்த்து எழுதத் தெரியாது. ஒவ்வொரு எழுத்தையும் தனியாகப் பிரித்து, திசையையும் மாற்றிப் போட்டுவிட்டது. தினம் ஃபஜ்ருக்குப் பின் குர்ஆன் ஓதுகிறவர்கள்தான் நாங்கள் நால்வரும். திரையில் பெயர் நடுவில் இருக்கிறதா என்று பார்த்தோமே தவிர, யாரும் வாசிக்கவில்லை.

மீதி 110க்கு இன்னும் காந்தம் ஒட்டவில்லை. எங்களில் ஒருவர், “கட்டையைத் திருப்பி மறுபக்கம் சரியா வெட்டுவோம், தப்பான பக்கத்துல காகிதம் ஒட்டி அது மேல காந்தத்தை வச்சா யாருக்குத் தெரியப் போகுது” என்றார். வேறு கட்டை வாங்கக் கடை திறந்திருக்காது என்பதும் உண்மை. மூத்த லாத்தாதான் ஒத்துக்கொள்ளவில்லை. ஈரத் தானியத்தைக் குவியலுக்கு அடியில் மறைத்து வைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவத்தை நினைவூட்டி, “சொல்லிட்டுத் திருப்பு, சொல்லாமத் திருப்பாதே” என்றார். அந்த வீட்டுக்குத் திரும்பப் போய், பின்னால் பழைய எழுத்து இருக்கும், காகிதம் மூடியிருக்கும் என்று சொன்னோம். அவர்கள் முகம் மலரவில்லை. விலையை 60 ஆக்கினோம், ஒத்துக்கொண்டார்கள். இஷாவுக்குப் பின் உட்கார்ந்து, தமிழ்ப் பெயர் மட்டும் வைத்து, கையிலிருந்த புதுக் கட்டை பத்தையும் சேர்த்து, ஃபஜ்ருக்கு முன் முடித்தோம். 3,600 ரூபாய் குறைந்தது. அந்த மாதத் தவணையை அறக்கட்டளையில் சொல்லித் தள்ளிப்போட்டோம். அந்த வீட்டிலிருந்து அடுத்த ஆர்டர் இன்னும் வரவில்லை.

அன்றிலிருந்து ஒரு சீட்டு வைத்திருக்கிறோம். பெயரை வாடிக்கையாளரே தம் கையால் எழுத வேண்டும். நாம் கேட்டு எழுதினால் ஃபாத்திமாவா பாத்திமாவா, சரவணனில் எந்த ‘ண’ என்று தடுமாற்றம் வரும். திரையில் வந்ததை அவர்கள் வாசித்துப் பார்த்து, சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். சீட்டில் உள்ளபடி வெட்டியது தவறானால் அவர்கள் பொறுப்பு. சீட்டுக்கு மாறாக வெட்டினால் புதிதாகச் செய்து கொடுப்போம், காசு வாங்குவதில்லை. பெயர் வெட்டிய பொருளை வேறு யாருக்கும் விற்க முடியாது என்பதை மறக்க வேண்டாம். அதனால் பெரிய ஆர்டருக்குப் பாதிப் பணம் முன்னால் வாங்குகிறோம். அரபி கேட்டால் முதலில் ஒன்று மட்டும் வெட்டி, பள்ளிவாசல் இமாமிடம் காட்டிய பிறகே மற்றவை.

சாவிக்கொத்திலும் டம்ளர் வைக்கும் தட்டிலும் அல்லாஹ்வின் பெயரையோ ஆயத்தையோ போடச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். கழிவறைக்கும் போகும், காலடியிலும் விழும் பொருள் அது. சுவரில் மாட்டும் பலகைக்கு மட்டும்தான் செய்வோம் என்று சொல்லிவிடுகிறோம். காரணம் சொன்னால் யாரும் கோபப்பட்டதில்லை, ஒரு சிலர் பலகையாகவே வாங்கிப் போயிருக்கிறார்கள்.

கடனில் இன்னும் இரண்டு தவணை பாக்கி, இன்ஷா அல்லாஹ் ரமலானுக்கு முன் முடியும். அடுத்த கண்காட்சியில் எங்கள் ஸ்டாலில் பாதி மேசை காலியாக இருக்கும். தையல், எம்பிராய்டரி செய்த சகோதரிகள் யாராவது சேர்ந்துகொண்டால் வாடகையைப் பங்கிட்டுக் கொள்ளலாம். சீட்டின் மாதிரியும், அந்தத் தவறான அரபிக் கட்டை ஒன்றும் வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். போகும்போது எடுத்து வாசித்துப் பாருங்கள். வஸ்ஸலாம்.