சேவைக் கட்டணமா, தெண்டமா?

(வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழி அதிகம் மாற்றப்படவில்லை.)

தோழர்களே,

கவிதை பற்றிப் பேசத்தான் கூப்பிட்டார்கள். நான் கணக்கு பற்றிப் பேசலாமென்று வந்திருக்கிறேன். கவிஞர் என்று இங்கே அறிமுகப்படுத்தினீர்கள். காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் வரைக்கும் நான் கவிஞனுமில்லை, ஒன்றுமில்லை. மூன்றாம் நம்பர் கவுண்டர். ஜனங்கள் அப்படித்தான் என்னைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். "மூணாம் நம்பர்ல கேளு, அந்த ஆளு கொஞ்சம் பதில் சொல்வான்" என்பார்கள். அந்த அளவுக்கு நல்ல பேர் உண்டு. அந்த நல்ல பேரைப் பற்றியும் இன்றைக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

2019 ஆடி மாசம். அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, நூறு நாள் வேலைக்குப் போகிறவர். மஞ்சப்பையில் இரண்டு பாஸ்புக். ஒன்று வேறொரு வங்கியுடையது. வழக்கமாகக் கூலி ஏறுவது அதில்தான். இன்னொன்று எங்கள் கிளையுடையது. அட்டைகூடக் கசங்கவில்லை, அவ்வளவு புதுசு. ஒருநாளும் பயன்படுத்தாத புதுசு.

அந்தக் கணக்கின் கதை இது. 2017இல் ஒரு புரோக்கர் காலனிக்கு வந்திருக்கிறான். கறவை மாட்டுக் கடன் வாங்கித் தருகிறேன், முதலில் கணக்கு ஆரம்பிக்கணும், ஆயிரம் ரூபாய் கட்டணும் என்று பத்துப் பன்னிரண்டு பொம்பளைகளை அழைத்துவந்து எங்கள் கிளையில் நிறுத்தினான். நாங்களும் கணக்கைத் தொடங்கினோம். எந்தக் கணக்கு? குறைந்தபட்ச இருப்பு வைக்கவேண்டிய சாதாரண சேமிப்புக் கணக்கு. ஏனென்றால் அந்த மாதம் கிளைக்கு இலக்கு அந்த வகைக் கணக்கில்தான் இருந்தது. மாடும் வரவில்லை, கன்றும் வரவில்லை. வீட்டில் ஒரு சாவு விழுந்ததும், போட்ட ஆயிரத்தை அந்த அம்மா எடுத்துவிட்டார். அதோடு மறந்தும்விட்டார்.

வங்கி மறக்கவில்லை.

2019இல் ஆதார் இணைக்க வேண்டிய கணக்குகளின் பட்டியல் ஒன்று கிளைக்கு வந்தது. பழைய விண்ணப்பத்தோடு இருந்த ஆதார் ஜெராக்ஸைப் பார்த்துப் பார்த்து எண்களை ஏற்றினோம். யாரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அரசாங்கப் பணம் ஆதார் எண்ணை வைத்து அனுப்பப்படும்போது, கடைசியாக எந்த வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்கப்பட்டதோ அங்கேதான் போய் விழும். அப்படியாக அந்த அம்மாவின் இரண்டு வாரக் கூலி அவருக்கே தெரியாமல் எங்கள் கிளைக்கு வந்துவிட்டது. "பணம் ஏறிடுச்சு" என்று ஊராட்சியில் சொல்கிறார்கள். "வரலையே" என்று அந்த வங்கியில் சொல்கிறார்கள். மூன்று தடவை பஸ் ஏறி இறங்கி, மூன்று நாள் வேலையைப் போக்கடித்துக்கொண்டு, கடைசியில் யாரோ ஒரு பையன் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்லி, எங்களிடம் வந்தார்.

"எங்கூலியக் குடுத்துட்டு இந்தக் கணக்க மூடிடு சார். எனக்கு இது வேணாம்."

நான் கணக்கைத் திறந்து பார்த்தேன். கூலி 960, அப்புறம் 1,020. ஆக 1,980 ரூபாய். பன்னிரண்டு நாள் வேலை. அதில் பிடித்தம் செய்திருந்ததை வாசிக்கிறேன், கேளுங்கள். குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்குக் காலாண்டுக்கு 59 ரூபாய், எட்டுக் காலாண்டு, 472. எஸ்எம்எஸ் அனுப்பிய வகையில் காலாண்டுக்கு 17 ரூபாய் 70 காசு, அது 141 ரூபாய் 60 காசு. ஏடிஎம் கார்டுக்கு வருஷத்துக்கு 147 ரூபாய் 50 காசு, இரண்டு வருஷத்துக்கு 295. கணக்கில் பணமில்லாததால் இவையெல்லாம் நிலுவையாக நின்று, கூலி வந்து விழுந்த அன்றைக்கே தானாகப் பிடிபட்டுவிட்டன. இதுபோக, கணக்கை மூடுவதற்குக் கட்டணம் 354. மொத்தம் 1,262 ரூபாய் 60 காசு. அதில் ஜிஎஸ்டி மட்டும் 192 ரூபாய் 60 காசு. கையில் கொடுக்க வேண்டியது 717 ரூபாய் 40 காசு. அதாவது பன்னிரண்டு நாள் வெயிலில் ஏழரை நாளுக்கும் மேலே வங்கிக்கு.

சொன்னேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்:

"நான் இன்னா தப்பு பண்ணன்னு தெண்டம் போடறீங்க?"

"தெண்டம் இல்லம்மா. சர்வீஸ் சார்ஜ்."

"அப்படின்னா?"

"நாங்க செஞ்ச வேலைக்கு வாங்கற கூலி மாதிரி."

"இன்னா வேலை செஞ்சீங்க?"

தோழர்களே, பட்டம் வாங்கியவன் நான். வங்கித் தேர்வில் பாஸ் பண்ணியவன். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த ஏடிஎம் கார்டு உறை பிரிக்கப்படாமல் எங்கள் கிளையின் இரும்பு அலமாரியில்தான் கிடந்தது. அது அங்கே கிடந்ததற்கு 295 ரூபாய். எஸ்எம்எஸ் போனது அந்த அம்மாவுக்கு அல்ல. அவரிடம் போனே கிடையாது. விண்ணப்பத்தில் எழுதியிருந்தது புரோக்கருடைய நம்பர். "உங்கள் கணக்கில் இருப்பு குறைவாக உள்ளது" என்று இரண்டு வருஷமாகப் புரோக்கருக்குத் தகவல் சொல்லியிருக்கிறோம். அதற்குக் கூலி இந்த அம்மா தந்திருக்கிறார்.

தெண்டம் என்ற சொல்லை அவர் எங்கிருந்து எடுத்தார் என்பது எனக்குத் தெரியும். எங்கள் தாத்தா கட்டியிருக்கிறார். ஊரில் ஒரு பெரிய சாவுக்குப் பறையடிக்கப் போகவில்லை என்று ஊர்ப் பஞ்சாயத்தில் தெண்டம். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, காசைக் கீழே வைத்துவிட்டு, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்திருக்கணும். எங்கள் அப்பா இதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொல்வார், ஏன் சிரித்தார் என்று எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். தெண்டம் வாங்கினவர்கள் அதைத் தெண்டம் என்றே சொன்னார்கள். சேவை என்று சொல்லவில்லை. மேலே 18 சதவீதம் வரியும் போடவில்லை.

சொல்லாடல், கட்டுடைப்பு என்றெல்லாம் நம்முடைய பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அந்த அம்மா கவுண்டரில் நின்றுகொண்டு ஒரே சொல்லில் அதைச் செய்துவிட்டுப் போனார்.

இனி சொல்லக் கூச்சமாயிருக்கிற விஷயம். ஸ்லிப்பில் கைநாட்டு வாங்கும்போது அந்த அம்மா சாதாரணமாகக் கேட்டார், "சாருக்கு எந்த ஊரு?" ஊர்ப் பேரைச் சொன்னேன். "அந்த ஊர்க் காலனியிலதான் எங்க நாத்தனாரக் கட்டிக் குடுத்திருக்குது" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அந்த நாத்தனார் வீடு எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடாகக்கூட இருக்கலாம். பக்கத்துக் கவுண்டரில் ஆள் இருந்தது. மேலாளர் அறை திறந்திருந்தது. நான் "அப்படியாம்மா" என்று சொல்லி ஸ்டாம்ப் பேடைத் தள்ளிவைத்தேன். அவ்வளவுதான். அவர் மறுபடி "சார்" என்றே கூப்பிட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு விதி தெரியும். ரிசர்வ் வங்கி 2005இல் எளிய கணக்கு என்று ஒன்றைக் கொண்டுவந்து, 2012 ஆகஸ்டில் அதையே அடிப்படை சேமிப்புக் கணக்கு என்று மாற்றியது. அதில் குறைந்தபட்ச இருப்பு என்ற பேச்சே கிடையாது. ஏற்கெனவே இருக்கிற சாதாரணக் கணக்கையும் அப்படி மாற்றித் தரலாம். 2014இல் வந்த இன்னொரு சுற்றறிக்கை, இருப்பு குறைந்தால் முதலில் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கணும், ஒரு மாதம் அவகாசம் தரணும், இந்த அபராதத்தாலேயே கணக்கு மைனஸுக்குப் போகக்கூடாது என்று சொல்கிறது. அந்தக் காகிதங்கள் என் மேசை இழுப்பறையிலேயே இருந்தன. எடுத்து நீட்டவில்லை. பின்னால் இருபது பேர் வரிசை. எடுத்து நீட்டுகிறவன் யார் என்ற கேள்வியும் கூடவே வரும். "உங்க ஆளுங்களா?" என்று மேலாளர் சிரித்துக்கொண்டே கேட்பார். அந்தச் சிரிப்புக்குப் பயந்தேன்.

அந்த அம்மா 717 ரூபாயையும் சில்லறையையும் முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

அன்றிரவு கவிதை ஒன்று எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. நல்லவேளை வரவில்லை, வந்திருந்தால் அதோடு திருப்தியாகியிருப்பேன். மறுநாள் மேலாளரிடம் போய்க் கேட்டேன்: பிடித்த கட்டணத்தைத் திருப்ப உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதே, செய்யலாமே என்று. ஒருத்தருக்குச் செய்தால் எல்லாரும் வருவார்கள் என்றார். அதற்கு முந்தின வாரம்தான் ஒரு அரிசி மில் முதலாளியின் கணக்கில் அதே வகைக் கட்டணம் திருப்பப்பட்டிருந்தது. அந்தப் பதிவைப் போட்டவன் நானே. அதைச் சொன்னேன். "அவர் வேற" என்றார். எப்படி வேற சார் என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. ஐந்து வருஷ வேலையில் நான் மேலாளரிடம் கேட்ட முதல் கேள்வி அது.

தோழர்களே, இதை ஒரு கிளையின் கதையாகவோ ஒரு மேலாளரின் கெட்ட குணமாகவோ நினைத்துவிடாதீர்கள். அந்த மனுஷன் தனிப்பட்ட முறையில் மோசமில்லை. இது ஒரு ஏற்பாடு. 2017 ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டே மாதத்தில் பாரத ஸ்டேட் வங்கி மட்டும் குறைந்தபட்ச இருப்பு இல்லாத கணக்குகளிடமிருந்து வசூலித்தது 1,771 கோடி ரூபாய். அந்த வங்கி 2020 மார்ச்சில் இதைக் கைவிட்டது. ஆனாலும் 2019-20 முதல் 2023-24 வரையிலான ஐந்தாண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் எல்லாமாகச் சேர்ந்து ஏறக்குறைய 8,500 கோடி வசூலித்திருப்பதாக 2024 ஜூலையில் அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. 2025இல் இன்னும் சில பொதுத்துறை வங்கிகள் இந்த அபராதத்தை விட்டன. நல்லது. பிடித்ததைத் திருப்பித் தந்ததாக நான் கேள்விப்படவில்லை.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 2014-15இலிருந்து ஒன்பது நிதியாண்டுகளில் வங்கிகள் வாராக்கடன் என்று கணக்கிலிருந்து நீக்கியது 14.56 லட்சம் கோடி. அதில் பாதிக்கு மேல் பெருந்தொழில், பெருநிறுவனக் கடன்கள். நீக்குவது என்றால் வசூலை விட்டுவிடுவது என்று பொருளல்ல என்பார்கள். நானும் வங்கிக்காரன், அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அந்தக் கணக்கை நீக்கும்போது மேலே 354 ரூபாய் பிடித்தார்களா?

சின்னக் கணக்கால் வங்கிக்கு நஷ்டம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எங்கள் ஊழியர்களிலேயே உண்டு. அவர்களுக்கு நான் ஒரு தேதியை நினைவூட்டுவேன். 1969 ஜூலை 19. பதினான்கு தனியார் வங்கிகள் அன்றைக்குத்தான் நாட்டுடைமையாயின. கிராமத்துக்கு வங்கி வந்தது அதற்குப் பிறகு. இடஒதுக்கீட்டில் எங்களைப் போன்றவர்கள் கவுண்டருக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்ததும் அதற்குப் பிறகு. அந்த அம்மா மாதிரி ஆட்களின் பேரைச் சொல்லித்தான் எனக்கு இந்த நாற்காலி கிடைத்தது.

குறைந்தபட்சம் என்ற சொல்லும் என்னை விடவில்லை. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948இல் வந்தது. நமக்கு வரவேண்டிய குறைந்தபட்சம் அது. அதைக் கொடுக்காத ஆண்டைக்கு மாதக் கடைசியில் எந்தக் கம்ப்யூட்டரும் தானாக அபராதம் போட்டதில்லை. 2005ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டத்தில் கூலி தாமதமானால் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு என்று வைத்தார்கள். ஆயிரம் ரூபாய்க்கு ஒரு நாளைக்கு ஐம்பது காசு. அதை வாங்கியவர்கள் இந்தக் கூட்டத்தில் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். (யாரும் கைதூக்கவில்லை.) நாம் வைக்கவேண்டிய குறைந்தபட்சத்துக்கு மட்டும் அபராதம் தவறாமல் வருகிறது, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, ஆள் இல்லாமலே.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த அம்மா பேரில் ஒரு மனு எழுதினேன், தமிழில். நானே ஊழியன் என்பதால் என் பேர் வரக்கூடாது. கைநாட்டு வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார வைத்தார். "ஆயா, அன்னைக்கு நீ நாத்தனார் வீடு சொன்னியே, அதே காலனிதான் நானும்" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அன்னைக்கே தெரியும் கண்ணு. நீயா சொல்லுவேன்னு பார்த்தேன்" என்றார். அப்புறம் டீ போட்டார்.

ஒன்றரை மாதம் கழித்து, கணக்கை மூடப் பிடித்த 354 ரூபாயும் இருப்பு அபராதம் 472 ரூபாயும் திரும்ப வந்தன. மொத்தம் 826. கொண்டுபோய்க் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு, "அந்தப் புரோக்கருக்குச் சேதி சொன்ன காசு வரலியா?" என்று கேட்டார். வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

உங்களில் பாஸ்புக் கொண்டுவந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் இந்த மேசைக்கு வாருங்கள். சாதாரணக் கணக்கா, அடிப்படைக் கணக்கா என்று முதலில் பார்ப்போம். மாற்ற வேண்டியதை மாற்ற மனு எழுதலாம். பிள்ளைகளுக்கு உதவித்தொகை வருகிற கணக்கு இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். அவை இரண்டு வருஷம் சும்மா கிடந்தாலும் செயலற்ற கணக்கு என்று ஒதுக்கக்கூடாது என்று 2024 ஜனவரியில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது, பல கிளைகளில் அது தெரியாது. செயலற்றுப்போன கணக்கை மறுபடி உயிர்ப்பிக்கவும் காசு வாங்கக்கூடாது. கணக்கை மூடக் காசு கேட்டால் எந்த விதிப்படி என்று எழுதித் தரச் சொல்லுங்கள்; எழுதித் தரச் சொன்னாலே பாதிப் பேச்சு மாறிவிடும். புகாரை முதலில் வங்கியில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றால், அல்லது பதில் சரியில்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.

எனக்குக் கடைசி பஸ் ஒன்பதரைக்கு. அதுவரைக்கும் இருக்கிறேன். கைநாட்டு வைக்கிறவர்களுக்காக ஸ்டாம்ப் பேடும் எடுத்து வந்திருக்கிறேன்.