குங்கிலிய மரத்தின் குலமுறை
(குச்சவெளியில் ஆற்றிய உரை)



குங்கிலியப் புகை எழும்போது குங்கிலியக்கலய நாயனாரை நினைக்கிறோம். அதைத் தரும் சாலமரத்தை நினைப்பவர் யார்? அம்மரத்தின் குடும்பம் டிப்டெரோகார்ப்பேசியே. இலங்கையில் அதன் இனங்கள் 50க்கு மேல். ஏறக்குறைய எல்லாமே வேறெங்கும் இல்லாதவை.

இக்குடும்பம் ஆபிரிக்காவிலும் உண்டு, போர்ணியோவிலும் உண்டு. விதையோ உலர்ந்தாற் செத்துவிடும். பின் எவ்வாறு இத்தனை தூரம் பரவிற்று?

இலையின் பச்சையவுருமணிக்குள் ஓர் ஏடு உண்டு; ஏறத்தாழ 1,50,000 எழுத்துக்கள். பூக்கும் மரங்கள் பெரும்பாலானவற்றில், மட்டக்களப்பிலே குடி வருவதுபோல, அது தாய்வழியே இறங்கும், மெல்லவே மாறும். ஆகவே பழைய உறவை அதில் வாசிக்கலாம். 1999இல் தயானந்தன், அஷ்டன் முதலியோர் அவ்வேட்டின் ஒரு பரம்பரை அலகை மரத்துக்கு மரம் ஒப்பிட்டனர். மடகஸ்காரில் மட்டும் வளரும் சார்க்கோலேனேசியே குடும்பம் மிக நெருங்கிய உறவென்று கண்டனர். (கடல் கடந்த சொந்தம் நமக்குப் புதிதா?)

ஓரலகைக் கொண்டு முழு வரலாறும் சொல்லமுடியாது. 2022இல் புதைபடிவ மகரந்தத்தையும் சேர்த்து ஆராய்ந்தனர். தயானந்தனும் அஷ்டனும் அதிலும் இருந்தனர். ஆபிரிக்காவில் தோன்றிய மரங்கள், வடக்கே நகர்ந்துகொண்டிருந்த இந்திய நிலத்தை அடைந்தன; அந்நிலம் ஆசியாவோடு மோதியபின் கிழக்கே பரவின. அந்நிலத்தின் தென்முனையில் நம் தீவும் இருந்தது. சிங்கராசக் காட்டில் அம்மரங்கள் இன்றும் நிற்கின்றன.