கண் எனும் அமானிதம்

(ஜும்ஆ உரையின் சுருக்கம்)

 

அல்லாஹ் நமக்கு வழங்கிய பார்வை ஓர் அமானிதம். அதனை ஓசையின்றிப் பறிக்கும் நோய் கிளாக்கோமா எனும் கண் நீர் அழுத்தம். கண்ணுக்குள் ஊறும் நீர் சரிவர வடியாமல் தேங்கினால் அழுத்தம் மிகுந்து பார்வை நரம்பு நலிகின்றது. பெரும்பாலும் வலி இராது. இழந்த பார்வையோ மீளாது.

சொட்டு மருந்தும் மற்றைய சிகிச்சைகளும் பயனளிக்காதபோது மருத்துவர்கள் வடிகால் கருவி பொருத்துகின்றனர். விழியின் வெண்பகுதி மீது, மேற்சவ்வுக்கு அடியில் ஒரு சிறு தகடு. அதிலிருந்து கண்ணுக்குள் செல்லும் மெல்லிய குழாய். அதன் வழியே வெளியேறும் நீரைச் சுற்றியுள்ள திசுக்கள் உறிஞ்சிக்கொள்ளும். மதுரை ஆரோலேப் நிறுவனம் 2013 முதல் இத்தகைய கருவியைக் குறைந்த விலையில் வழங்கி வருகின்றது. அதன் குழாயைக் கரையும் நூலால் கட்டுவர். சில வாரங்களில் நூல் கரைந்த பின்னரே வழி திறக்கும். ஆகவே, மருத்துவர் சொல்லாமல் சொட்டு மருந்தை நிறுத்தலாகாது.

ரமளானில் நோன்பு முறிந்துவிடும் என அஞ்சிச் சிலர் சொட்டு மருந்தை விட்டுவிடுகின்றனர். ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளிலும் கண்ணில் மருந்திடுவதால் நோன்பு முறியாது. அறுவை சிகிச்சைக்குப் பின் குனியக்கூடாது என மருத்துவர் தடுத்தால், சைகையால் ருகூவு, ஸஜ்தா செய்து தொழுவதற்கும் மார்க்கம் சலுகை தந்துள்ளது.

இக்கருவி எஞ்சிய பார்வையைக் காக்குமேயன்றி, போனதை மீட்டுத் தராது. எனவே 40 வயதைக் கடந்தோரும், குடும்பத்தில் இந்நோய் உள்ளோரும் தாமதியாது கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவரின் பார்வையையும் பாதுகாத்தருள்வானாக! ஆமீன்.