பேச்சிழந்தாரோடு பேசுவோம்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

தொண்டு என்றதும் சிரமதானமும் அன்னதானமும் இரத்ததானமும் நம் நினைவிற்கு வருகின்றன. இவற்றோடு சேர்க்கவேண்டிய தானம் இன்னும் ஒன்று உண்டு. அதனைச் செவிதானம் என்பேன். பேச முடியாதவர் முன்னே பொறுமையோடு உட்கார்ந்து, அவர் சொல்ல நினைப்பதை அவரோடு சேர்ந்து தேடிக் கண்டுபிடிக்கும் தொண்டு அது. இதற்குப் பணம் வேண்டியதில்லை. பெரிய படிப்பும் வேண்டியதில்லை. நேரமும் பழக்கமும் வேண்டும்.

பாரிசவாதம் கண்டு கை கால் விழுந்தவரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பசறை, நமுனுகுலை, மடுல்சீமை, அப்புத்தளை என்று எந்தப் பக்கத்துத் தோட்டத்தை எடுத்தாலும் லயத்து இஸ்தோப்பில் அப்படியொருவர் அமர்ந்திருக்கக் காணலாம். விழுந்த கையை எல்லோரும் காண்கிறார்கள். விழுந்த மொழியைச் சரியாக அறிந்துகொள்பவர் சிலரே. பாரிசவாதம் கண்டவரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மொழியும் பாதிக்கப்படுகிறது. வைத்தியர்கள் இதனை அஃபேசியா என்பர். நாம் பேச்சிழப்பு என்போம். பெரும்பாலானோர்க்கு மொழி குடியிருப்பது மூளையின் இடப்பக்கத்திலே. உடலின் வலப்பக்கத்தை ஆள்வதும் அவ்விடப்பக்கமே. ஆகவேதான் வலக்கையும் வலக்காலும் விழுந்தவருக்குப் பேச்சும் சேர்ந்து போவதை அடிக்கடி காண்கிறோம்.

இதனை உலகுக்கு விளக்கியவர் போல் புரோக்கா என்னும் பிரெஞ்சு வைத்தியர். 1861 ஆம் ஆண்டிலே பாரிஸ் நகருக்கு அருகேயுள்ள பிசேத்ர் ஆஸ்பத்திரியில் லெபோர்ன் என்னும் நோயாளி ஒருவரை அவர் பரிசோதித்தார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அம்மனிதர் வாயில் பெரும்பாலும் வந்த சொல் 'டான்' என்பதே. எதைக் கேட்டாலும் 'டான், டான்' என்பார். ஆயினும் பிறர் சொல்வதைப் பெரும்பாலும் விளங்கிக்கொண்டார். அவர் இறந்தபின் மூளையைப் பார்த்தபோது, இடப்பக்கத்தின் முன்பகுதி சிதைந்திருந்தது. சொல் போனது, அறிவு போகவில்லை.

வேறொரு விதமும் உண்டு. சிலர் தங்குதடையின்றிப் பேசுவர். ஆனால் பேச்சிலே பொருள் இராது. பிறர் சொல்வதும் அவர்க்குச் சரியாக விளங்காது. இவ்விதத்தை 1874 இல் எடுத்துக்காட்டியவர் ஜெர்மானிய வைத்தியர் வேர்ணிக்கே. இத்தகையோரைப் பார்த்து, புத்தி பேதலித்துவிட்டது என்போரும், பேய் பிடித்தது என்று கோடாங்கியைக் கூப்பிடுவோரும் நம்மிடையே உண்டு. அவர்களுக்குப் பிடித்தது பேயன்று; மூளைக்கு இரத்தம் போகும் வழி அடைபட்டதால், அல்லது இரத்தக்குழாய் வெடித்ததால் வந்த நோய்.

நான் மிஷன் பாடசாலையிற் படித்தவன். பேச்சிழந்த சகரியா ஒரு பலகையை வாங்கிப் பிள்ளையின் பெயரை எழுதிக் காட்டிய கதையை அங்கே கேட்டதுண்டு. ஆனால் இந்நோயிலே பலகையும் முழுதாகக் கைகொடாது. நாவில் வராத சொல் பெரும்பாலும் விரலிலும் வராது, வாசிப்பும் தடுமாறும், எண்களும் குழம்பும். ஆகவே 'சொல்ல முடியாவிட்டால் எழுதிக் காட்டு' என்று கொப்பியை நீட்டிவிட்டு, எழுதவில்லையே என்று சலித்துக்கொள்வது நியாயமாகாது.

இனி நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் தோட்டத்திலே நெடுங்காலம் கொழுந்தெடுத்த ஓர் அம்மாயி. பாரிசவாதம் வந்தபின் அவர் வாயில் எஞ்சிய சொல் 'சரி' என்பதே. 'சோறு போடவா?' என்றால் 'சரி'. 'வேண்டாமா?' என்றாலும் 'சரி'. சேமலாப நிதிப் பணத்தை யாரிடம் கொடுப்பது என்று பேச்சு வந்தபோதும் 'சரி' என்றார். அம்மாயி சம்மதித்துவிட்டதாக வீட்டார் நினைத்தனர். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பின்னர் பேத்தி ஒருத்தி மூன்று பிள்ளைகளின் படங்களையும் வரிசையாக வைத்துக் காட்டியபோது, அம்மாயி இடக்கையால் ஒரு படத்தைத் தொட்டார். அது வீட்டார் நினைத்த பிள்ளை அன்று!

அன்பர்களே, இந்த ஒரு 'சரி'யிலே எவ்வளவு அடங்கியிருக்கிறது பாருங்கள். காசு, காணி, வைத்தியம், வாக்குச்சீட்டு ஆகிய எல்லாவற்றிலும் பேச்சிழந்தவரின் விருப்பம் பிறர் ஊகமாகிவிடுகிறது. ஆகவே முக்கியமான விஷயத்தை ஒருமுறை கேட்டு நிறுத்தலாகாது. மாற்றிக் கேட்க வேண்டும். படத்தைக் காட்டிக் கேட்க வேண்டும். மறுநாளும் கேட்க வேண்டும். மூன்று முறையும் ஒரே விடை வந்தால் அதனை அவர் சொல்லாக மதிக்கலாம்.

இது வைத்தியரின் வேலையன்றோ என்று சிலர் கேட்கலாம். வைத்தியம் அவசியமே. முகம் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால் ஒரு கணமும் தாமதியாது 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்சை அழைக்க வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்து நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்றப்பட வேண்டியது. தோட்டத்து ரோட்டின் தூரத்தை எண்ணிப் பாருங்கள். பேச்சைப் பயிற்றும் சிகிச்சையாளரைக் களனிப் பல்கலைக்கழகம் 1990களின் பிற்பகுதி முதல் உருவாக்கி வருகிறது. ஆயினும் தமிழிலே சிகிச்சை செய்யவல்லோர் மிகக் குறைவு. சிங்களமும் தமிழும் பேசிய ஒருவருக்கு இரண்டும் ஒரே அளவில் திரும்புவதில்லை. நன்கு பழகிய மொழியே பல சமயங்களில் முந்தி வரும். ஆகவே நம்மவர்க்கு நம் பேச்சிலேயே பயிற்சி கிடைக்க வேண்டும். அதனைத் தினமும் கொடுக்கக்கூடியவர் யார்? அயலவரே.

அயலவரால் ஆகுமா? ஆனதைச் சொல்கிறேன். அமெரிக்க நடிகை பற்றீசியா நீல் 1965 இல், தமது 39 ஆவது வயதில், மூளையிலே இரத்தக்குழாய் வெடித்துப் பேச்சிழந்தார். கணவர் எழுத்தாளர் றோல்ட் டால், இங்கிலாந்திலே தம் கிராமத்து அயலவரை முறைவைத்து வீட்டுக்கு அழைத்து, நாள்தோறும் பல மணி நேரம் மனைவியோடு பேசவும் விளையாடவும் செய்தார். வந்தவர்களுள் ஒருவரான வலரி ஈட்டன் கிரிபித் வைத்தியம் படித்தவரல்லர். 1968 இல் நீல் மீண்டும் திரைப்படத்தில் நடித்தார். கிரிபித் அம்மையாரின் முயற்சியோ 1973 இலிருந்து இங்கிலாந்தில் தொண்டர் திட்டமாக விரிந்தது. கனடாவிலே ரொறன்ரோ நகரில் 2001 இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில் 40 தொண்டரை எடுத்து, 20 பேருக்கு மட்டும் உரையாடும் முறையைக் கற்பித்தனர். அவர்களோடு பேசிய நோயாளருக்குத் தனியே எப்பயிற்சியும் கொடுக்கப்படவில்லை. ஆயினும் அவர்கள் தம் கருத்தைக் கூடுதலாக உணர்த்தினர். கேட்பவர் திருந்தினால் பேசுபவரும் தேறுகிறார்!

அம்முறை கடினமானதன்று. வானொலியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட்டு எதிரே உட்காருங்கள். சிறு வாக்கியமாக, ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தைப் பேசுங்கள். அவர் செவிடரல்லர், கத்த வேண்டாம். குழந்தையுமல்லர், கொஞ்ச வேண்டாம். கேட்டபின் மனத்துக்குள் பத்துவரை எண்ணிக் காத்திருங்கள். சொல்லை நாமே முந்திப் பிடுங்கிக்கொள்ளலாகாது. கையசைவு, படம், பொருள் எல்லாவற்றையும் துணைக்கு எடுங்கள். விளங்காவிட்டால் விளங்கியதுபோல் தலையாட்டாது, 'விளங்கவில்லை ஐயா, இன்னொருமுறை காட்டுங்கள்' என்று சொல்லுங்கள்.

ஒவ்வொருவருக்கும் ஒரு படக்கொப்பி செய்து கொடுப்போம். அதிலே சீமை ஆப்பிள் படம் வேண்டாம். ரொட்டியும் சம்பலும், பிளேன்டீயும், அவர் காம்பராவும், கொழுந்துக் கூடையும், பிள்ளைகுட்டிகளின் முகங்களும், டிஸ்பென்சரியும், கோவிலும் இருக்கட்டும். வலி எங்கே என்று தொட்டுக்காட்ட ஓர் உடம்புப் படமும் இருக்கட்டும்.

சொல்லின்றிப் பேசுவது நமக்குப் புதிதுமன்று. தப்பின் அடியைக் கேட்டே சாவா, சாமி கும்பிடா என்று தோட்டம் முழுதும் அறிந்துகொள்கிறது. நம் ஊவாவிலுள்ள கதிர்காமத்திலே கப்புறாளைமார் வாயை வெண்துணியாற் கட்டி மௌனமாகப் பூசை செய்கின்றனர். வாய்ச்சொல் இல்லாத பூசையைக் கும்பிடும் நாம் வாய்ச்சொல் இல்லாத மனிதரை ஒதுக்கலாமா?

இன்னொன்று: பேச முடியாத பலர் பாடுகின்றனர். சுவீடன் நாட்டிலே பேச்சிழந்த ஒருவர் தேவாலயப் பாடல்களைப் பாடியதை ஓலொவ் டாலின் என்பவர் 1745 இலேயே எழுதிவைத்தார். பாட்டு வந்ததால் பேச்சு முழுதும் வந்துவிடும் என்பதில்லை. ஆயினும் பலரோடு கூடியிருக்க ஓர் இடம் கிடைக்கும். வெள்ளிக்கிழமைப் பஜனையிலே அவர்க்கு முன்வரிசையில் ஒரு பாய் போடுவோம். காமன் கூத்துக்கும் தேருக்கும் கைபிடித்து அழைத்து வருவோம். கோவில் கூட்டத்திலே அவர் கருத்தையும் படங்காட்டிக் கேட்போம்.

முடிவாக ஒரு விண்ணப்பம். நம் உறுப்பினர் இருவர் இருவராகச் சேர்ந்து, தத்தம் தோட்டத்திலுள்ள பேச்சிழந்தவர் ஒருவரை வாரம் இருமுறை, அரை மணி நேரம் சென்று காண்பதென்று இன்றே தீர்மானிப்போமாக. பெரியோர்கள் அவ்வீடுகளுக்கு எங்களை அறிமுகஞ் செய்து வைப்பார்களாக. அடுத்த ஆண்டு விழாவிலே அவர்கள் நம்மிடையே வந்து அமர்ந்திருக்க வேண்டும்.

இவ்வளவு நேரம் பொறுமையோடு செவிசாய்த்தீர்கள். இதே பொறுமையை அவர்களுக்கும் கொடுங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.