மலையை மறைக்கும் புகை



கோவை நகரத்தார்க்கு மேற்குத் திசை என்றாலே மலைதான். மழை ஓய்ந்த மறுநாட் காலையில் மருதமலைப் படிகளில் நின்று நான் நோக்குங்கால், மலைமுகடுகள் அருகே வந்து நிற்பன போலத் தோன்றும். மார்கழி, தை மாதங்களிலோ அம்முகடுகள் சாம்பல் நிறத் திரைக்குப் பின் மங்கிவிடுகின்றன. பனிதானே என்பீர்கள். பனி வெயிலேறினால் கலையும்; வெயிலேறியும் கலையாதது பெரும்பாலும் புகையும் தூசும் சேர்ந்த மங்கலே.

விறகும் நிலக்கரியும் டீசலும் எரியும்போது 2.5 மைக்ரானுக்கும் குறைந்த நுண்துகள்கள் எழுகின்றன. இவை ஒளியைச் சிதறடிப்பதால் தொலைவுக் காட்சி மங்குகிறது. குளிர்கால இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனக்க, மேலே வெப்பக் காற்று மூடிபோல் அமர்கிறது. பள்ளத்தாக்கின் புகை வெளியேற வழியின்றித் தேங்குகிறது. கண்ணை மறைக்கும் அதே துகள் நம் நுரையீரலிலும் புகுகிறது.

மருதமலைக்கு வடக்கே, ஆனைகட்டிச் சாலையில் தடாகம் பள்ளத்தாக்கு உள்ளது. அங்கே யானைகள் நடமாடும் காட்டோரத்தில், செம்மண் வெட்டிச் செங்கற்சூளைகள் பல்லாண்டுகள் புகைந்தன. உரிய அனுமதியில்லாத 180க்கும் மேற்பட்ட சூளைகளை மூடுமாறு 2021ஆம் ஆண்டு ஆணை பிறந்தது. நன்றே, ஆயினும், வேலையிழக்கும் தொழிலாளரையும், வேறோர் ஊரில் புகையத் தொடங்கக்கூடிய சூளையையும் யார் எண்ணுவது? அதற்குத்தான் திட்டம் வேண்டும்.

அமெரிக்க நாடு 1977இல், தேசியப் பூங்காக்களிலும் காடுகளிலும் மனிதரால் விளைந்த மங்கலை நீக்குவதைச் சட்ட இலக்காக்கியது. 1999இல் வகுத்த விதி, இத்தகைய 156 இடங்களுக்காக ஒவ்வொரு மாநிலமும் திட்டம் தீட்டப் பணித்தது. 2064ஆம் ஆண்டை இலக்காகக் குறித்தது. காற்றுக்கு எல்லைக்கல் இல்லையாதலால், அண்டை மாநிலப் பூங்காவை மறைக்கும் புகைக்கும் அவ்விதி பொறுப்புக் கேட்டது.

நம் நாட்டில் 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம் உண்டு. 2009இல் வெளியான தர அளவுகளின்படி, கந்தக டை ஆக்ஸைடின் ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 50 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். அரசு குறித்த சூழல் காப்புப் பகுதிகளில் 20 வரையே. மங்கலுக்கு முதற்காரணமான நுண்துகளுக்கோ இரண்டிடத்தும் 40தான். மலை எத்தனை கல் தொலைவில் தெரியவேண்டும் என்னும் அளவும் அதில் இல்லை.

அளக்காததற்குத் திட்டம் தீட்ட முடியாது. நண்பர்களே, நாள்தோறும் ஒரே நேரத்தில் பள்ளி மாடியிலிருந்து மலை தெரிகிறதா எனக் குறித்து வையுங்கள். ஓராண்டுக் குறிப்பேடு ஒரு நல்ல திட்டத்தின் முதற் பக்கமாகலாம்.